வட்டப் பட்டனைத் தேடிய கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி கணேசன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணேசனுக்குக் கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் வீடு. ஃபேக்டரியில் டெக்னீஷியன். வயது நாற்பதைத் தாண்டி அதிகமில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் பரவாயில்லை. வலது கைதான் சண்டித்தனம் செய்தது. பிசியோதெரபியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். கொஞ்ச நாள் பிசைந்தான். பிறகு பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இவனும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான்.

"கை மட்டுமில்லக்கா... மண்டையும் போச்சு. எதுவும் நிக்க மாட்டேங்குது" என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அதுதான் எங்களை உலுக்கியது. வீட்டில் எல்லாரும் அவனுக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். டிவி ரிமோட் அவனுக்கு. கடைசி வடை அவனுக்கு. எந்த வாக்குவாதத்திலும் ஜெயிப்பது அவன்தான். சண்டைக்கோழி மாதிரி இருந்தவனை இப்படித் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தால், அவன் இன்னும் சுருங்கத்தானே செய்வான்?

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கேம் மெஷின் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தீவில் இருக்கும் என் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில்தான் தங்கியிருந்தான். வேலை முடிந்து வந்ததும் கால்பந்து கேம்தான். எதிரணி? நான்தான். சிரிக்காதீர்கள்! ரப்பர் பந்தைப் பிசையாத கை, கேம் ஆடவாவது அசையாதா?

ஸ்டோர் ரூமிலிருந்து மெஷினைத் தேடி எடுத்தேன். விளக்கு எரிந்தது, உள்ளே சிடி சுழலவில்லை. "லென்ஸ் ரோசாக் லா அக்கா, கெட்டுப்போச்சு, பார்ட்ஸ் கெடைக்காது" என்று கையை விரித்துவிட்டார் ரிப்பேர் கடைக்காரர்.

இணையத்தில் தேடினேன். எமுலேட்டர் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறதாம். கம்ப்யூட்டரைப் பழைய கேம் மெஷினாக நடிக்க வைக்கும் மென்பொருள். முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, அதன் நிரலையும் எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்து, இலவசமாகவே தருகிறார்கள். ஒன்றை மட்டும் தரமாட்டார்கள்... மெஷினை உயிர்ப்பிக்கும் பயாஸ் என்ற உள்நிரல். அது மெஷினைச் செய்த கம்பெனியின் சொத்து, உங்கள் மெஷினிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நியாயம்தானே?

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, மெஷினிலிருந்து அந்தப் பயாஸை ஒரு பென் டிரைவில் இறக்கிவிட்டேன். முதலில் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு படம் வந்தது... ஆனால் ஆட்டக்காரர்களுக்கு முகம் இல்லை! அமைப்புகளில் எதையெதையோ மாற்றினேன். முகம் வந்தது. சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

சிடி? அந்தக் காலத்தில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நாங்கள் வாங்கியதெல்லாம் ஜப்பானியப் பதிப்பு. எங்கள் இருவருக்கும் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று விரல்களே மனப்பாடம் செய்து வைத்திருந்தன. பாவம், இப்போது மறதிக்காரன், அவனுக்கு அந்தக் கஷ்டம் எதற்கு என்று பழைய சாமான் சந்தையில் இங்கிலீஷ் பதிப்பைத் தேடி வாங்கினேன். அக்கா பாசம்!

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன். கணேசன் வேண்டாவெறுப்பாகக் கன்ட்ரோலரைப் பிடித்தான். முதல் திரையில் ஒரு பட்டனை அழுத்தினான். திரை பின்னால் போய்விட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் பின்னால். இன்னொரு தடவை... அதே கதை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

"பாத்தியா? சொன்னேன்ல, மண்டை போச்சுன்னு. விடு லா அக்கா."

அவன் மனைவி மலர் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். ஃபெரியில் திரும்பும்போது எனக்கும் அழுகை முட்டியது. நன்மை செய்யப் போய், அவன் பயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே...

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மறந்தவன் கண்ட பட்டனையும் தட்டிப் பார்ப்பான். இவன் விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஒவ்வொரு முறையும் அதே வட்டப் பட்டன்!

பையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்தேன். கண்ணை மூடி, 'சரி' சொல்வதாக நினைத்து அழுத்தினேன். என் கட்டைவிரலும் நேராக வட்டத்துக்குத்தான் போனது. நாங்கள் ஆடிய ஜப்பானியப் பதிப்பில் வட்டம் என்றால் 'சரி', பெருக்கல் குறி என்றால் 'வேண்டாம்'. இங்கிலீஷ் பதிப்பில் தலைகீழ். வீட்டில் நான் கீபோர்டிலேயே சோதித்துப் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. அவன் எதையும் மறக்கவில்லை. நான்தான் மாற்றி வைத்துவிட்டேன்!

பட்டனை மாற்றி அமைத்தால் போதாதா என்பீர்கள். அமைக்கலாம். ஆனால் மைதானத்துக்குள் போனதும் பாஸ் கொடுக்கும் பட்டனும் மாறித் தொலைக்குமே! ஃபெரியிலிருந்தே மலரைக் கூப்பிட்டேன்.

"பழைய கேம் சிடி ஏதாச்சும் இருக்கா மலர்?"

"சாமி மேடைக்குக் கீழ, கோயில் பத்திரிகைங்களோட கெடக்கு அண்ணி. தூக்கிப் போடலாம்னு இருந்தேன்."

"ஐயோ, போட்டுறாத லா!"

போன ஞாயிறு அந்தச் சிடியைத் துடைத்துப் போட்டோம். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. "என்னடா எழுதியிருக்கு?" என்றேன். "எனக்கு மட்டும் தெரியுமா?" என்றான் கணேசன். சொல்லும்போதே விரல் நகர்ந்தது. கீழே, கீழே, வட்டம். வலது, வட்டம். எங்கள் அணிகள் வந்து நின்றன. அவன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... இதெல்லாம் எப்படி எனக்கு ஞாபகம் இருக்கு?"

வட்டத்தின் கதையைச் சொன்னேன். பிறகு ஆரம்பித்தான் பாருங்கள்!

"ஒரு வாரமா என்னைப் பைத்தியம்னு நெனைக்க வெச்சிட்டியே! யாரு உன்னை இங்கிலீஷ் வாங்கச் சொன்னா? படிச்ச மாதிரியா வேலை செய்யுற நீ?"

பழைய கணேசன்! மலர் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்தால், அவரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் நாம் கொடுத்த பொருளைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம் என்று எனக்குப் புரிந்தது.

ஆட்டம் மெதுவாகத்தான் நடந்தது. விரல் வழுக்கியது. நடுநடுவே நிறுத்தி, கையை உதறிக்கொண்டான். ஆனாலும் கடைசியில் ஒரு கோல் போட்டு என்னைத் தோற்கடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை மலர் போன் செய்தாள். பிசியோதெரபிக்குத் தானாகவே கிளம்பிப் போயிருக்கிறான். கட்டைவிரலுக்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறதா என்று வேறு கேட்டானாம்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. "மத்தவங்க மாதிரி நீயும் விட்டுக்கொடுத்துட்டல்ல?" என்று இன்னமும் முறைக்கிறான். அவன் நம்பமாட்டான்... நீங்களாவது நம்புங்கள் — நான் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினேன்!