ஜோதிலிங்கம் மாலை போட்ட கார்த்திகை

ஜோதிலிங்கம் பட்டறையில் நுழைந்துவிட்டார் என்பது சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். அவ்வளவு சத்தம் போடுவார். டெல்லியில் யமுனைக்குக் கிழக்கே, ஷாதராவை ஒட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் அவருடைய ஸ்டெபிலைசர் பட்டறை. செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் செய்வது, அதை வார்னிஷில் முக்கிச் சூளையில் காயவைப்பது, பெட்டியில் பூட்டுவது என்று இருபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பீகார்க்காரர்கள். ஃபோர்மேன் ஹரிநாத்தும் அந்தப் பக்கம்தான். தமிழ் பேசுகிறவன் வடிவேல் ஒருவன். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான்.

இத்தனை சத்தத்துக்கும் அடியில் இருந்தது பயம் என்பது மனைவி மீனாக்ஷிக்கு மட்டும் தெரியும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் ஜோதிலிங்கம். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. வீட்டில் எல்லோரும் பரீட்சை எழுதி ஆபீசுக்குப் போனபோது, இவர் மட்டும் சொந்தத் தொழில் என்று கிளம்பினார். அன்று பிடித்த பயம் பிறகு விடவே இல்லை. சந்தில் ஜீப் நின்றால் இன்ஸ்பெக்டரோ என்று பயம். சூளை பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயம். எல்லாவற்றையும்விட, வேலையாட்கள் தன்னைக் கண்டு பயப்படாமல் போய்விடுவார்களோ என்ற பயம். அதனால்தான் கத்தினார்.

இரண்டாயிரமாவது ஆண்டு மழைக்காலம் முடிந்ததுமே பேச்சு கிளம்பிவிட்டது. குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் பட்டறைகளை எல்லாம் மூட வேண்டும், கோர்ட் உத்தரவு, சீல் வைக்கப் போகிறார்கள் என்றார்கள். ஜோதிலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கார்த்திகை பிறந்த அன்று ஆர்.கே.புரம் ஐயப்பன் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டார். சீல் வரக்கூடாது, அவ்வளவுதான் வேண்டுதல். மாலை போட்டுவிட்ட குருசாமி, வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொன்னதையே இவரிடமும் சொன்னார்.

"இனிமே எதிர்ல வர்றவங்க எல்லாம் சாமிதான். வீட்டுல இருக்கறவங்க, உங்ககிட்ட வேலை பாக்கறவங்க, எல்லாரும். கோவமா ஒரு வார்த்தை வரக்கூடாது. பொய்யும் கூடாது."

மறுநாள் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாகப் பட்டறைக்கு வந்தார். நவம்பர் குளிரில் சிமெண்ட் தரை பாதத்தைக் கடித்தது. ஹரிநாத் ஒரு சூளை நிறையக் காயில்களைக் கருக்கி வைத்திருந்தார். பழக்கத்தில் கத்த வாய் திறந்தார். கை தானாகப் போய் மாலையைத் தொட்டது.

"பரவால்ல, ஹரிநாத் சாமி. மறுபடி பண்ணிக்கலாம்" என்றார் இந்தியில்.

பட்டறையில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. யாரும் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மதியம் வடிவேல் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மொதலாளி, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. பசங்க எல்லாம் ரொம்ப பயந்து போயிருக்கானுங்க."

"எதுக்கு பயம்? நான்தான் யாரையும் ஒண்ணும் சொல்றதில்லையே, சாமி."

"அதுக்குத்தான். நீங்க கத்துனா நாளைக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். இப்ப சாமி சாமின்னு கூப்புடுறீங்க. மூடிட்டுப் போறவங்கதான் இப்பிடி நல்லா பேசுவாங்கன்னு ஹரிநாத் அண்ணன் சொல்றாரு. நெசமா?"

ஜோதிலிங்கம் மேஜையிலிருந்த பில்களைப் புரட்டினார். அவன் கேட்டது நிஜம். டெல்லி எல்லைக்கு வெளியே சாஹிபாபாத்தில் ஒரு கிடங்கு பார்த்துவிட்டார். திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிட வெளியே போகும் நேரத்தில் டெம்போ வரும். அவர்கள் திரும்புவதற்குள் மெஷின்களை ஏற்றிவிட்டு, கதவில் பூட்டைத் தொங்கவிடுவதாக யோசனை. முன்கூட்டிச் சொன்னால் கும்பல் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் மீனாக்ஷியிடம்கூடச் சொல்லவில்லை. யாரை ஏமாற்றப் போகிறோமோ அவர்களையே சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போய் வேலையைப் பாருங்க, சாமி" என்று மட்டும் சொன்னார். பொய் சொல்லவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூஜையில் சரணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். டெம்போவை வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று போன் வரை போனார். திங்கட்கிழமையே சீல் வந்துவிட்டால் மெஷினும் போய்விடுமே என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே நகரம் கொதித்துவிட்டது. வேலை போகிறதென்று ஆயிரக்கணக்கானவர்கள் சாலையில் இறங்கியிருந்தார்கள். மெயின் ரோட்டில் ஒரு பஸ் எரிந்தது. டயர் கருகும் நாற்றம் சந்துக்குள் வந்தது. ஹரிநாத் ஷட்டரை இழுத்து இறக்கினார். எல்லோரும் உள்ளே இருட்டில் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து டெம்போ வந்துவிட்டது. வெளியே கூட்டம் அதை மறித்துக்கொண்டது. யார் வரச் சொன்னது, எந்த மெஷினை ஏற்றப் போகிறாய் என்று டிரைவரை உலுக்குவது உள்ளே கேட்டது. பிறகு கண்ணாடி உடையும் சத்தம். டிரைவர் பட்டறையைக் காட்டியிருக்க வேண்டும். ஷட்டரை யாரோ கம்பியால் அடித்தார்கள். தகரம் முழுவதும் அதிர்ந்தது.

ஜோதிலிங்கம் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் மாடிப்படி இருந்தது. மொட்டை மாடியிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிடலாம். அவர் கண் அங்கே போவதை ஹரிநாத் பார்த்துவிட்டார். நகர்ந்து படிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"முதலாளி, அந்த வண்டி யாருக்கு?"

பக்கத்துப் பட்டறைக்கு என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. எதிரே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் அவருக்கு இருந்த அதே பயம் இருந்தது. அத்தனை வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றார். "உங்ககிட்ட சொல்லாம மெஷினை எடுத்துட்டுப் போகப் பாத்தேன். சாஹிபாபாத்ல எடம் பாத்திருக்கேன். சின்ன எடம். எல்லாரையும் கூட்டிட்டுப் போக முடியாது. சொன்னா என்னை அடிச்சிடுவீங்கன்னு பயம்."

சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்களிடம்தான் இப்போது அவருக்குப் பயம். ஒருவன் கையில் இரும்புத் தடியோடு முன்னால் வந்தான். கெட்ட வார்த்தையில் திட்டினான். வடிவேல் குறுக்கே விழுந்து அவனைப் பிடித்துக்கொண்டான்.

"மாலை போட்டிருக்காரு, கை வைக்காதே" என்று இந்தியில் அலறினான்.

"மாலைக்காக இல்லை" என்றார் ஹரிநாத். "கேட்டதுக்கு ஒளிக்காமல் சொன்னார். அதற்காக விடு."

பிறகு அவர் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து வெளியே போனார். வடிவேலும் போனான். வெளியே என்ன பேசினார்கள் என்று ஜோதிலிங்கத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. எங்கள் முதலாளி உள்ளேதான் இருக்கிறார், எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், மெஷின் எதுவும் போகாது என்ற மாதிரி காதில் விழுந்தது. கூட்டம் உடனே போகவில்லை. இன்னொரு கல் தகரத்தில் வந்து மோதியது. அப்புறம் மெயின் ரோட்டுப் பக்கம் ஏதோ வெடித்தது. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. ஹரிநாத்தின் பேச்சைக் கேட்டுப் போனார்களா, வெடிச்சத்தத்துக்குப் போனார்களா, ஜோதிலிங்கத்துக்குக் கடைசி வரை தெரியாது.

இருவரும் உள்ளே திரும்பினார்கள். போலீஸ் வந்து சந்து அடங்கும் வரை எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள். சாஹிபாபாத்துக்கு யார் போவது என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்தது. கை கலக்கும் அளவுக்குச் சண்டை வந்தது. முதலாளி சொல்லட்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் டெல்லியில் குடும்பம் வைத்திருப்பவர்கள் போவது என்று முடிவாயிற்று. ஜோதிலிங்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ டீ போட்டு அவரிடமும் ஒரு கிளாசை நீட்டினார்கள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பட்டறைக்கு சீல் விழுந்தது. வேண்டுதல் பலிக்கவில்லை. அதற்கு முன்பே பாதிப் பேர் சாஹிபாபாத் போயிருந்தார்கள். வடிவேல் அங்கே ஃபோர்மேன் ஆனான். ஹரிநாத் வரவில்லை. அவருடைய குடும்பம் ஊரில் இருந்தது, பட்டியலில் அவருக்கு இடமில்லை. ரயிலேறும் முன் சொல்லிக்கொள்ளக்கூட வராமல் போனார். அது ஜோதிலிங்கத்தின் மனசில் முள்ளாகத் தைத்தது.

சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு கொஞ்சம் கத்தத்தான் செய்தார். ஆனால் ஆர்டர் குறைந்தாலும் ஷிஃப்டை மாற்றினாலும் முதலில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிடுவார். சொல்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

சில வருஷம் கழித்து டெல்லி துவாரகாவில் ஒரு தமிழர் கூட்டத்தில் தொழிலும் ஆன்மிகமும் என்று பேசக் கூப்பிட்டார்கள். கம்பெனி மேனேஜர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமையை மட்டும் சொன்னார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார்.

"அதுக்கப்புறம் பயம் போயிடுச்சா சார்?"

"இல்லையே" என்றார் ஜோதிலிங்கம். "இப்பக்கூட இருக்கு. ஆனா எதிர்ல இருக்கறவங்களுக்கும் இருக்கும்னு தெரிஞ்சிடுச்சு."

மைக்கை வைத்துவிட்டு வந்து மீனாக்ஷியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய கை ஜில்லென்று இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.