டிக்கியில் மாட்டிய தாய்மாமன் சீர்

புது கார் வாங்கியவன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்துவிட்டு, உடம்பெல்லாம் அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் நல்ல நேரம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கைக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தான். நான் போகாவிட்டால்... மடிக்கு எங்கே போவாள்?

முதல் நாள் சாயங்காலமே சீர்த் தட்டுகளை எலெக்ட்ரிக் காரின் டிக்கியில் அடுக்கிவிட்டேன். அடுக்கியவன் மூடினேனா? ராஜபாளையத்தில் எங்கள் தெரு சீரைப் பார்க்காமல் விடுமா! டிக்கி திறந்தபடி, லைட் எரிய, பாட்டு ஓட... பார்க்க வந்தவர்கள் காரிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கடைசியில் டிக்கியை மூடினேன். உள்லைட்டை அணைத்தேனா என்பதுதான் நினைவில்லை.

காலையில் ரிமோட்டை அழுத்தினால் - சத்தமே இல்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியால் கதவைத் திறந்தேன். திரை இருட்டு. பட்டனில் திறக்கிற டிக்கி அசையவில்லை. சர்வீஸுக்கு போன் போட்டேன்.

"சார், ஓட்டுற பேட்டரி ஃபுல்லாத்தான் இருக்கும். ஆனா வண்டிய எழுப்பி விடுறது முன்னாடி இருக்கிற சின்ன பேட்டரி. அது இறங்கிருச்சு. மதுரையிலேருந்து ஆள் வர மத்தியானம் ஆகும். நீங்களா வயர் கியர் போட்டுறாதீங்க, வாரண்டி போயிரும்."

இவ்வளவு காசு போட்டு வாங்கிய காரை எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டுமாம். நம் வீட்டு விசேஷங்களும் இப்படித்தானே? மண்டபம் நிறைய ஆள் இருக்கும். யாரோ ஒருத்தர் வராமல் எதுவும் நகராது.

என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "டிக்கிய மூடுங்கன்னு நேத்தே சொன்னேன். எம்புட்டு நேரந்தான் தெருவுக்குக் காட்டுவீக!"

அதற்குள் தங்கையின் போன். "அண்ணே, எங்க இருக்க? தாய்மாமன் வருவாரா மாட்டாரான்னு எங்க அத்தை கேட்டுக்கிட்டே இருக்காக. எனக்கு அழுகையா வருது."

"பக்கத்துல வந்துட்டேம்மா..." என்றேன். வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான்.

வேறு வழி? பின்சீட்டை மடக்கிவிட்டு, பட்டு வேட்டியோடு உள்ளே தவழ்ந்தேன். முழங்கால் சிராய்த்தது, தேங்காய் ஒன்று மண்டையில் விழுந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்ட, மனைவி திட்டிக்கொண்டே வாங்கினாள். அந்நேரம் எதிர்வீட்டுக்காரர் வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோவைக் கிளப்பினார். "வில்லிபுத்தூர்தான் போறேன், ஏறுங்கண்ணே!" மனைவி முன்னால் உட்கார்ந்தாள். நானும் சீரும் தார்களுக்கு நடுவில்.

மண்டப வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள். "ஏண்ணே, புது காரு?"

"வீட்ல தூங்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "நீ வந்துட்டேல்ல, அது போதும் எனக்கு." நேரே போய் மணையில் உட்கார்ந்தேன். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி.

ஆசாரி ஊசியை எடுத்ததும், மடியில் இருந்த பிள்ளை வீறிட்டு அழுதது. காலையிலிருந்து எனக்கும் அதே நிலைமைதான்... ஆனால் தாய்மாமன் அழக் கூடாதாம், பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்!