ஓசியில் வந்த முன் சீட்

தொண்ணூற்று நான்காம் வருடம், ஜூலை மாதம் என்று நினைவு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு தனியார் விமான கம்பெனியின் கவுன்ட்டரில் எனக்கு வேலை. வயது இருபத்து நாலு. வீடு மேற்குத் தாம்பரத்தில். யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு காலை மின்சார ரயிலில் ஏறினால் திரிசூலத்தில் இறங்கி ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான், ஆபீஸ் வந்துவிடும். விமானத்தில் வேலை செய்கிறேன் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நான் விமானத்துக்குள் கால் வைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் டெல்லி விமானத்தில் ஒரு மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி அடிக்கடி போவார். குரோம்பேட்டைக்காரர். முப்பது வயதிருக்கும். மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. எகானமி டிக்கெட்டில் வந்து, ஒரு நாளாவது ஓசியில் பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்து போக வேண்டும்.

அப்படி நடப்பது உண்டுதான். எகானமியில் இருக்கிற சீட்டை விடக் கொஞ்சம் அதிகமாகவே டிக்கெட் விற்பார்கள், எப்படியும் நாலு பேர் வரமாட்டார்கள் என்று. சில நாள் எல்லோரும் வந்து நிற்பார்கள். அன்றைக்கு முன்னால் பிசினஸ் கிளாஸில் இடம் காலியாக இருந்தால், பின்னாலிருந்து சிலரை எடுத்து அங்கே உட்கார வைப்போம். காசு வாங்க மாட்டோம். இந்த விஷயம் அவருக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது. டை கட்டினால் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து சித்திரை வெயிலிலும் டை கட்டிக்கொண்டுதான் வருவார். சீக்கிரம் வந்தால் கிடைக்கும் என்று இன்னொருவர், கடைசியில் வந்தால்தான் கிடைக்கும் என்று வேறொருவர். இவர் ஒரு மாதம் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார், அடுத்த மாதம் கவுன்ட்டரை மூடும் நேரத்தில் ஓடி வருவார்.

"மேடம், இன்னிக்கு ஏதாவது சான்ஸ் இருக்கா?"

"இன்னிக்கு இல்ல சார்."

"பரவால்ல, அடுத்த தடவை."

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கோபித்துக்கொண்டதே இல்லை. நாங்கள்தான் உள்ளே போய்ச் சிரிப்போம்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் கவுன்ட்டர் முழுக்க ஒரே கூச்சல். முந்தின நாள் சாயங்கால விமானம் கோளாறாகி ரத்தாகியிருந்தது. அந்தக் கூட்டமும் சேர்ந்து காலை விமானத்துக்கு வந்து நின்றது. சூபர்வைசர் என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். "முன்னாடி ரெண்டு சீட் காலி. ரெண்டு பேரைத் தள்ளியாகணும். ட்ரெஸ் பார்த்துப் போடு. தெரிஞ்ச முகமா இருந்தா நல்லது."

வரிசையில் பார்த்தேன். பத்துப் பேருக்குப் பின்னால் நீல டை.

அவர் முறை வந்ததும் வழக்கம்போலக் கேட்டார். நான் போர்டிங் கார்டை நீட்டினேன். சீட் நம்பரைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம். "நிஜமாவா மேடம்?" என்றார். பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்கின பையன் மாதிரி காதுவரை சிவந்து போய், நன்றி சொல்லக்கூட மறந்து நகர்ந்துவிட்டார். எனக்கும் மனசு நிறைந்தது. அடுத்தவருக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதில் ஒரு போதை இருக்கிறது. அந்தப் போதையோடுதான் அடுத்த தவறைச் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. பம்மல்காரர்கள், அவர் அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா அவருடைய சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு வருகிற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சீட் இருந்தது. அதைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். முன்னால் மீதியிருந்த அந்த ஒரு சீட் என் கையை உறுத்தியது. ட்ரெஸ் பார்த்துப் போடச் சொன்னாரே, இந்த நைந்த புடவைக்குப் போட்டால் என்ன என்று ஒரு வீம்பு. இந்த அம்மா வாழ்க்கையில் இனிமேல் எப்போது அப்படி உட்காரப் போகிறார்? அந்தச் சீட்டை அவருக்கே போட்டேன். அவருக்குப் பக்கத்தில் டைக்காரர். பெரியவருக்குக் கடைசி வரிசை.

பெரியவர் கார்டு இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா தானம்மா குந்திகினு போவோம்?" என்று கேட்டார்.

"ஒரே பிளேன்தான் சார். அம்மாவுக்கு முன்னாடி நல்ல வசதியான சீட் போட்டிருக்கேன். ஃப்ரீ."

"இல்லம்மா, இவங்களுக்கு வந்து..." என்று ஆரம்பித்தார். நான் அதற்குள் பையில் கைப்பை அட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டேன். பெரியவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு மனைவியை அழைத்துக்கொண்டு நகர்ந்தார்.

விமானம் கிளம்பும் நேரம் நான் கீழே ஏணிப்படி அருகில் நின்றிருந்தேன். வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்கள். முன்னால் ஒரு அம்மா உட்கார மறுக்கிறார், தமிழ் தெரிந்தவர் யாராவது வாருங்கள் என்று. பணிப்பெண்கள் இருவரும் வடக்கத்திக்காரர்கள். படியேறி ஓடினேன்.

அந்த அம்மா நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வகுப்புக்கும் நடுவே தொங்குகிற திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் காற்றில் துழாவினார். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. அவருக்குக் கண் தெரியாது.

"அவரு எங்கம்மா கீறாரு? கூடத்தான வந்தாரு. என்னை இங்க குந்த வெச்சிட்டு எங்க போனாரு?"

நடந்தது இதுதான். ஏணி ஏறி வந்ததும் பணிப்பெண் அந்த அம்மாவின் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். பின்னால் வந்த கூட்டம் பெரியவரைத் தள்ளிக்கொண்டே கடைசி வரிசைவரை கொண்டுபோய்விட்டது. திரும்பி வரப் பார்த்திருக்கிறார், வழியில்லை. இங்கே அந்த அம்மாவோ, கணவர் பையை வைத்துவிட்டு வருவார் என்று நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த டைக்காரரிடம், "அவரு வர்ற வரைக்கும் குந்திக்க தம்பி, வந்ததும் எழுந்து குடுத்துடு" என்றும் சொல்லியிருக்கிறார். கதவை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததும்தான் பதறி எழுந்திருக்கிறார்.

இதைச் சரிசெய்வது சுலபம் என்று தோன்றியது. வேகமாகப் பின்னால் போய், பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வியாபாரியிடம் விஷயத்தைச் சொல்லி, முன்னால் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, அவர் பெட்டியோடு எழுந்துவிட்டார். அந்த அம்மாவைப் பின்னால் அழைத்து வந்துவிட்டால் முடிந்தது.

அவரை அழைக்க நான் முன்னால் வந்தபோது டைக்காரர் எழுந்து என்னிடம் வந்தார். "மேடம், அந்த அம்மா எதுக்குப் பின்னால போகணும்? ஐயா இங்க வரட்டும். நான் போறேன்."

"சார், நீங்க எவ்ளோ நாளா இதுக்காக..."

"அதை விடுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க பையன் டெல்லில ஆஸ்பத்திரில இருக்கான். ஏர்ஃபோர்ஸ்ல வேலையாம். லாரி மோதிடுச்சுன்னு தந்தி வந்திருக்கு. காலை எடுக்கணுமா வேணாமான்னு டாக்டருங்க பார்த்துகிட்டு இருக்காங்களாம். அதைத்தான் இவ்ளோ நேரம் எங்கிட்ட சொல்லிகிட்டு இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்த மனிதருக்குத் தெரிந்தது, கவுன்ட்டரில் எதிரே நின்று டிக்கெட்டைப் புரட்டிய எனக்குத் தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்.

பெரியவரை அழைத்து வந்தோம். அந்த அம்மா கையை நீட்டித் துழாவி, அவர் சட்டைக் கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். அமைதியாக உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பெல்ட்டை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கமா. அங்கயே சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீ வேலையா இருந்த."

மன்னிப்பு கேட்க வேண்டியது நான். தலையை மட்டும் ஆட்டினேன். வியாபாரி பெட்டியை மறுபடியும் மேலே வைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டைக்காரர் அவரைத் தாண்டி நடுவில் இருந்த இடத்துக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நுழைந்தார். நான் படியிறங்கினேன். கதவு மூடியது.

அடுத்த மாதம் அவர் வந்தார். டை கட்டியிருந்தார். "மேடம், இன்னிக்கு ஏதாவது சான்ஸ் இருக்கா?" அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நானும் துடித்தேன். சூபர்வைசரிடம் போய்க் கெஞ்சினேன். கூட்டம் நிரம்பி வழிந்தால்தான் கொடுக்கலாம், இல்லாவிட்டால் கணக்குக் கேட்பார்கள் என்றார். அந்த மாதமும் விமானம் நிரம்பவில்லை, அதற்கடுத்த மாதமும் நிரம்பவில்லை. பிறகு அவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியாக வந்த அன்றைக்கும், "பரவால்ல மேடம்" என்று சிரித்துவிட்டுத்தான் போனார். எனக்குத் தெரிந்து அவர் பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

டைக்காரர் மாற்றலாகிப் போவதற்கு முன்பே, பம்மல் தம்பதியை இன்னொரு முறை பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு இரண்டரை மாதம் இருக்கும். டெல்லி விமானம் வந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவர் என்னை அடையாளம் கண்டு கைகாட்டினார். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு இளைஞன். இரண்டு காலும் இருந்தது. ஒன்று மட்டும் விறைப்பாக, மடங்காமல். அந்த அம்மா இப்போது மகனின் சட்டையைப் பிடித்திருந்தார்.

இந்த முறை வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அன்னிக்கு உங்களைப் பிரிச்சு உட்கார வெச்சது என் தப்பும்மா. நீங்க சொல்ல வந்ததைக் கேட்காமப் போயிட்டேன்" என்றேன்.

அந்த அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "அத்த விடும்மா. அந்தத் தம்பி இங்க வருமா? மூஞ்சி எனக்குத் தெரியாது. கொரல் கேட்டா கண்டுபுடிச்சிடுவேன். புள்ளைக்குக் கால் பொழச்சிச்சுன்னு சொல்லணும்."

வருவார், நான் சொல்கிறேன் என்றேன். மறு வாரமே டைக்காரர் வந்தபோது சொன்னேன். அவர் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "நல்லது மேடம்" என்று மட்டும் சொன்னார். அன்று சான்ஸ் இருக்கிறதா என்று கேட்க மறந்தே போனார்.

அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போதும் யாருக்காவது நல்லது செய்யத் தோன்றினால், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு, அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கிறவரை நின்று கேட்கிறேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முழுதாகக் கேட்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.