நான் குடிக்காத முட்டைகள்

நாலாவது படிக்கும்போதே எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நல்ல பெயர் இல்லை. அடைவைக்கவென்று அம்மா தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளில் மூன்றை முள்ளால் துளை போட்டு உறிஞ்சிவிட்டு, கனம் தெரியாமலிருக்கப் பொடிமணலை நிரப்பி, துளையைச் சுண்ணாம்பால் அடைத்து, மறுபடி பானையிலேயே வைத்திருந்தேன். கோழியும் இருபத்தோரு நாள் அதன் மேல் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தது. கடைசி நாளில் ஓடு உடைந்து மணல் கொட்டியபோது அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, ஒம்மவன் பொரிச்ச குஞ்சு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் எந்த முட்டை காணாமல் போனாலும் முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்த்தார்கள்.

இது நடந்தது அதற்கு அடுத்த பங்குனியில். அம்மாவிடம் ஆறு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் காலையில் கூண்டைத் திறந்தால் கோழிகளை அப்படியே ஓடவிடமாட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்னால் விரல் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே முட்டை தட்டுப்பட்டால், அதை இட்டு முடிக்கும்வரை அந்தக் கோழி கூடைக்குள் கைதி. இல்லையென்றால் விடுதலை. அம்மாவின் விரல் சொன்னால் சொன்னதுதான். அக்கம்பக்கத்தில் சந்தேகம் வந்தால்கூடக் கோழியைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

அந்த ஆறில் ஒரு செவலைக் கோழியை மட்டும் அம்மா மூன்று வாரமாகத் தினமும் விடுதலை செய்துகொண்டிருந்தாள். "இதுல ஒண்ணுமில்ல" என்று கொல்லைப் பக்கம் விட்டுவிடுவாள். கோழியோ வேறு மாதிரி நடந்துகொண்டது. கொண்டை ரத்தமாகச் சிவந்திருந்தது. பத்து மணி வாக்கில் எங்கிருந்தோ ஊரைக் கூட்டுகிற மாதிரி கொக்கரித்துக்கொண்டு வரும்.

அப்பா விவசாயி, முட்டாள் இல்லை. "முட்டை வுடாமயா இது இந்தக் கத்து கத்துது?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து காட்டினேன், பழக்கதோஷம்.

"நா இல்லப்பா. சத்தியமா."

"ஒன் சத்தியத்துலயும் மணலு ரொப்பி வச்சிருப்ப."

அதோடு தீர்ப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் செவலை ஒரு முட்டையாவது விட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது மலட்டுக் கோழி, குழம்புக்குப் போகும். நான் குடித்தது என்று தெரிந்தால் கோழி பிழைக்கும், எனக்கு அன்றைய கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழா கிடையாது. கோழி செத்தால் நான் யோக்கியன், கோழி பிழைத்தால் நான் திருடன். ஒன்பது வயசுக்கு இது கொஞ்சம் அதிகம்.

நான் துப்பறிவதென்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை, அம்மா விரல் விட்டுப் பார்த்து வழக்கம்போல "ஒண்ணுமில்ல" சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு போனதும், செவலையை மடக்கிப் பிடித்து நானே பார்த்தேன். என் விரலில் கெட்டியாக, உருண்டையாக என்னவோ இடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவேளை அது எலும்பாக இருக்குமோ? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு உடம்பு வேண்டும். மற்ற கோழிகள் கைக்குச் சிக்கவில்லை. சேவல்தான் பக்கத்தில் நின்றிருந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. புறங்கையில் அது கொத்திய தழும்பு இன்றும் இருக்கிறது. சேவலுக்குள் முட்டை இல்லை என்பது மட்டும் நிச்சயமானது.

அப்படியானால் செவலைக்குள் இருப்பது முட்டை. அம்மாவின் விரலுக்குத் தெரியாதது என் விரலுக்கு எப்படித் தெரிந்தது? அம்மாவுக்கு ஏதோ வியாதி வந்து விரல் மரத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

செவலையின் பின்னாலேயே போனேன். அது குப்பைமேட்டைச் சுற்றியது, வேலியோரம் கிளறியது, என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது. பிறகு நேராகப் போய், சுவரின் அடியில் மழைத்தண்ணி போக விட்டிருந்த ஓட்டைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. முன்பு எல்லாம் ஒரே வீடுதான். இரண்டு வருஷத்துக்கு முன் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை யாருக்கு என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்து, மண்வெட்டி தூக்குகிற அளவுக்குப் போய், நடுவில் இந்தச் சுவர் எழும்பியது. அதிலிருந்து பேச்சில்லை. அண்ணன் தம்பிக்குள் மட்டுமில்லை, எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார்.

நான் சுவரோரத்து முருங்கையில் ஏறினேன். முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உளவு பார்க்கிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? செவலை அங்கே மாட்டுக்கொட்டகை மூலையில், வைக்கோல் பரப்பிய பழைய கூடைக்குள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். இன்னும் நன்றாகப் பார்க்க எக்கினேன். அடுத்த கணம் கிளையும் நானும் சித்தப்பா கொல்லையில் கிடந்தோம்.

செவலை அசையவில்லை. அதற்கு வேலை இருந்தது.

சத்தம் கேட்டுச் சித்தி வந்தாள். அவள் வயிறு அப்போது நன்றாகப் பெருத்திருந்தது. இடுப்பில் கை வைத்து, மெதுவாகத்தான் நடந்தாள்.

"அடப்பாவி, நீயா? எங்கடா அடிபட்டுச்சு? காட்டு."

நான் பேசவில்லை. பேச்சில்லையே. சித்தி என் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். "அக்கா இன்னும் இருமுதா? ராவுல இருமுற சத்தம் சுவத்தத் தாண்டி வருது" என்று கேட்டாள். திருடுகிறவள் திருட்டுக் கொடுத்தவளின் இருமலை விசாரிக்கிறாளே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் செவலை எழுந்து கொக்கரித்தது. சித்தி போய்ச் சூடு ஆறாத முட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடையில் இன்னொரு முட்டை கிடந்தது. கோழி இடம் மாறாமலிருக்க விட்டு வைக்கிற முட்டை. அதில் கரியால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அது அம்மா போடுகிற குறி. எங்கள் தவிட்டுப் பானைக்குள்ளேயே வந்து கைவைத்திருக்கிறார்கள்!

"எங்க கோழியெல்லாம் கழிச்சல் நோவுல செத்துப் போயிடுச்சுடா" என்றாள் சித்தி. "நர்ஸம்மா தெனம் ஒரு முட்டை திங்கச் சொல்லுது. போன ரெண்டுதரமும் தக்கல. இந்தத் தரமாச்சும்..." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "ஒங்கப்பாகிட்ட சொல்லிடாதடா. என் தங்கம்ல."

என்ன தக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தி இரண்டு தடவை அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சும்மா திரும்பி வந்ததுதான் எனக்குத் தெரியும். இப்போது வயிறு ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. மூன்று வாரம் ஓசி முட்டை தின்றால் வீங்காதா?

ஓடிவந்து அம்மாவிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். கோழி போன வழி, கூடை, கரிக்குறி, வயிறு, எல்லாம். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். பிடரியில் ஒன்று விழுந்தது.

"நீ எதுக்குடா கோழியத் தொட்ட?"

"ஒன் விரலுக்குத் தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சுது."

"போய்க் கையக் கழுவு. இதப் பத்தி வாயத் தொறந்த, சூடு போட்டுருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா செவலையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, அரிவாளைத் தேடினார். அது தலைகீழாகத் தொங்கியபடி றெக்கையை அடித்துக்கொண்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அது நல்லாத்தான் முட்டை வுடுதுங்க. இவந்தான் குடிக்கிறான். நேத்துதான் கண்டுபுடிச்சேன்."

பெற்ற தாய் சொன்னாள் இதை! எனக்கு வாய் வரவில்லை. அப்பா கோழியைக் கீழே போட்டுவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஒரு கொத்தை உருவினார். முதல் அடியிலேயே எனக்கு வாய் வந்துவிட்டது. சூடாவது ஒன்றாவது என்று கத்தினேன்.

"நா இல்லப்பா! சித்திதான் திங்கிது! செவல அங்கதான் போய் முட்டை வுடுது! சித்தி வயித்தப் போய்ப் பாருங்க, அம்புட்டும் நம்ம முட்டை!"

அடி நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றுபோனது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "செய்யறதையும் செஞ்சுட்டுப் பெரியவங்க மேல பழி போடறான் பாரு" என்று சுவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னும் இரண்டு அடி கொடுத்தார். அவை வலிக்கவே இல்லை. முதல் அடிக்கும் இந்த இரண்டுக்கும் கை ஒன்றுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தேருக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. அம்மாவும் தலைவலி என்று நின்றுகொண்டாள். அப்பா மட்டும் போனார். அன்று மத்தியானம் அம்மா நிறைய வெங்காயம் போட்டு ஒரு முட்டையைப் பொரித்து எனக்கு மட்டும் வைத்தாள். முட்டை திருடினதற்குத் தண்டனை முட்டைப் பொரியலா? கேட்கப் பயந்து சாப்பிட்டேன்.

பொழுது சாயும்போது அப்பா வந்தார். பொரி கடலைப் பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முட்டை குடிச்சது நீதான?"

இதற்குள் எனக்கும் புத்தி வந்திருந்தது. "ஆமாப்பா."

"நாளைக்கும் குடிப்பியா?"

"மாட்டேம்ப்பா. இனிமே தொடவே மாட்டேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சாக் குடி" என்றார். "ஒடம்புக்கு நல்லதுதான்."

அடித்தவரும் அவரே, குடி என்கிறவரும் அவரே. ராத்திரியெல்லாம் யோசித்தும் தலையும் வாலும் பிடிபடவில்லை. ஆனாலும் அப்பா பேச்சைத் தட்டக்கூடாது. மறுநாள் காலையில் கறுப்புக் கோழியின் முட்டை ஒன்றை எடுத்து, எல்லாரும் பார்க்க, அப்பா முன்னாலேயே ஓட்டை போட்டுக் குடித்தேன். குடித்துவிட்டு மீசை மாதிரி ஒட்டியிருந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

விளக்குமாறு மறுபடி வந்தது. இந்தத் தடவை எல்லா அடியும் வலித்தது.