பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு முதல் காட்சி

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரிப் பாடத்துக்காக நாங்கள் எடுத்தது ஒரு படத்தின் தொடக்கக் காட்சி மட்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறும் பதினேழு வயதுப் பெண்ணின் கதை. கல்யாண வீடியோக்காரரிடம் வாடகைக்கு வாங்கிய கேமராவோடு கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம்.

நடித்த தோழி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் ஏற்கெனவே ஒரு அம்மா இருந்தார். வெளுத்த நீலச் சேலை, படிய வாரிய தலை. "நீங்க அப்படியே இருங்கம்மா" என்றேன். அவர் கேமராவைப் பார்க்கவேயில்லை. பஸ் நிற்கும்போதெல்லாம் படியில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

காட்சி முடிந்ததும் கேட்டார்.

"ஏன் கண்ணு, இந்தப் புள்ள அப்பறம் ஊட்டுக்கு வந்துருமுங்களா?"

"அதை இன்னும் யோசிக்கலீங்கம்மா. ஆரம்பம் மட்டுந்தான் எடுக்கறோம்."

"வர்ற மாதிரி எடுங்க கண்ணு. எம்பொண்ணும் இப்படித்தான் சண்டை போட்டுட்டுப் போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு."

கிணத்துக்கடவில் இறங்குவதற்கு முன் அவர் தோழியின் கன்னத்தைத் தொட்டார். நடிப்பு என்று தெரிந்தேதான் சொன்னார்:

"போற எடத்துலருந்து ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிப்போடு, அம்மணி."

"சரிங்கம்மா" என்றாள் அவள். அவள் கண் கலங்கியிருந்தது.

மிச்சப் படத்தை நாங்கள் எடுக்கவேயில்லை. ஆனால் அந்த வழியில் போகும்போதெல்லாம் நான் அதை மனதுக்குள் எடுத்துப் பார்க்கிறேன். மகள் பஸ்ஸில் ஏறி வருகிறாள். அந்த அம்மா நகர்ந்து இடம் விடுகிறார். அவர் முதலில் என்ன பேசுவார் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.