எட்டுத் தட்டுக்குப் பிறகு

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பாங்கோஸ் என்ற ஜோடிக் கொட்டு வாசித்தேன். வாசித்தேன் என்பது என் கட்சி. தட்டினான் என்பது மற்றவர்கள் கட்சி. பகலில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டெஸ்பாட்ச் கிளார்க்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் தெருவுக்கொரு குழு இருந்தது. பள்ளிகொண்டா திருவிழாவானாலும் குடியாத்தம் கல்யாணமானாலும் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். சொந்த மெட்டில் ஆரம்பித்தால் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். அப்படியும் எங்களிடம் ஐந்து சொந்தப் பாட்டுகள் இருந்தன. நான்கு, குழுவை நடத்திய கிதார் அண்ணன் போட்டவை. பாகாயத்தில் லேப் டெக்னீஷியன் அவர். ஐந்தாவது டீச்சருடையது.

டீச்சர் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் நிற்பார். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிவிட்டுத் தண்ணீர் சுரக்கும்வரை குடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, மெட்டும் அவரே போட்டிருந்தார். முதலில் பெரிய பாங்கோஸில் தனியாக எட்டுத் தட்டு. அது நான். பிறகு அவர் குரல் எழும்பி, படிப்படியாக மேலே போய், நாங்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் நிற்கும். ஒத்திகையில் மட்டும்தான். மேடை ஏறியதில்லை.

ஒரு டிசம்பரில் அவர் கழுத்தில் கட்டி என்றார்கள். டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், உயிருக்குப் பயமில்லை, குரல் பழையபடி வருமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது. திங்கட்கிழமை அட்மிஷன். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கோயில் ஹாலில் எங்கள் கிறிஸ்மஸ் நிகழ்ச்சி.

"ஒரே ஒரு தடவ மைக்ல பாடிட்றேண்ணா. அப்புறம் கத்தி வெச்சிக்கட்டும்" என்றார் டீச்சர்.

அந்த வாரம் பார்த்துப் பெரிய பாங்கோஸின் தோல் கிழிந்தது. வழக்கமாக வேலூரில் ஒருவரிடம் கொடுத்து மாற்றுவோம். "தோலுக்குப் போய் வேலூரா? நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்று மார்தட்டினேன். டேனரியில் கெஞ்சி, ஏற்றுமதிக்குப் போகும் ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வாங்கினேன். கறுப்பு, பளபளப்பு, கன்னத்தில் வைத்தால் பட்டு. இழுத்துக் கட்டி, பசை காயும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். நானும் தொடவில்லை. ஒழுக்கமானவன்.

மேடையில்தான் முதல் தட்டு. 'பொத்' என்றது. தலையணையை அடித்த மாதிரி. மறுபடி தட்டினேன். பொத். சினிமாப் பாட்டுகளைச் சின்ன பாங்கோஸை வைத்தே ஒப்பேற்றினேன். ஐந்தே முக்காலுக்கு, கடைசியாக டீச்சர் பாட்டு என்றபோது எழுந்துவிட்டேன்.

"எங்கடா போற?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட ஒரு தோஸ்த்கிட்ட பாங்கோஸ் இருக்குதுண்ணா. பத்தே நிமிஷம்."

டீச்சர் என் சட்டையைப் பிடித்தார். "தம்பி, தாளம் வேணாம். நான் சும்மாவே பாடிட்றேன். ஒக்காருங்க."

உட்கார்ந்திருக்கலாம். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அன்று உலகத்திலேயே எளிதான வேலை. நான் சைக்கிளில் ஏறி, "நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க!" என்று கத்திவிட்டுப் பறந்தேன்.

போகும்போது ரயில்வே கேட் திறந்திருந்தது. திரும்பும்போது மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, நிதானமாக, பெட்டி பெட்டியாகப் போனது. நான் இரவல் பாங்கோஸை மார்போடு அணைத்துக்கொண்டு இன்ஜின் டிரைவரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தேன். ஹாலுக்கு வந்தபோது மணி ஆறேகால். ஆறு மணிக்கு ஹாலை ஒரு கல்யாண வீட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். மேடையில் ஒருவர் ஜரிகைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை அண்ணன், "வந்துடுவான், வந்துடுவான்" என்று டீச்சரைப் பாடவிடாமல் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

டீச்சர் வாசலில் நின்றிருந்தார். "தண்ணி குடிங்க தம்பி, மூச்சு வாங்குது பாருங்க" என்றார். அதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை டேனரியில் மேஸ்திரி பாயிடம் அந்தப் பாங்கோஸைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், இத்தினி வருசம் தோலுக்கு பில் போட்றே! காஞ்ச பச்சைத் தோலுதான் சத்தம் குடுக்கும். பதம் பண்ணிட்டா சத்தம் போயிடும்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான்காம் நாள் சாத்துக்குடியோடு பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டு, பேசக்கூடாது என்றிருந்தார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நான்கு ஜோக்கும் வாசலோடு நின்றுவிட்டன. ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்தேன், உரித்ததையே உரித்தேன். டீச்சர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, விரலால் தட்டினார். எட்டுத் தட்டு. என்னைப் பார்த்தார்.

பாடினேன். சாகும்வரை யாரும் என்னைப் பாடச் சொல்லப் போவதில்லை என்று நம்பியிருந்தவன், ஆறு கட்டில் உள்ள வார்டில் பாடினேன். பக்கத்துக் கட்டில் அம்மா போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை மெல்ல உயர்த்தினார். மேலே. ஏறினேன். இன்னும் மேலே என்றது கை. என் தொண்டை கீச்சென்று உடைந்து நின்றது. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார், பள்ளிக்கும் போனார். பாட்டும் வந்தது, தணிந்த குரலில். நாங்கள் அண்ணாந்து பார்த்த அந்த இடம் மட்டும் அவருக்கும் எட்டவில்லை.