தபால்காரர் வீட்டுக் கலியாணக் காட்

என் கணவர் குகதாசன் மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர்களில் தபால் கொடுப்பவர். எந்தச் சந்து ஒழுங்கையில் யாருக்குச் சலரோகம், யாருடைய மகன் பிரான்சிலிருந்து தாயோடு கதைப்பதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் உப்பு முடிந்தது மட்டும் தெரியாது. கேட்டால், "நீர் சொல்லேல்லையே" என்பார்.

அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. கடிதங்கள் கப்பலில் வந்து சேரும். வெளிநாட்டுப் பிள்ளையின் கையெழுத்தைக் காணச் சனம் தெருவுக்கே வந்து நிற்கும். அப்போது இவர் நடப்பு வேறு. இப்போது பிள்ளைகள் போனில் முகம் காட்டிக் கதைக்கிறார்கள். இவர் சுமப்பது லைட் பில்லும் வங்கிக் கடிதமும்தான். ஆனால் அலைச்சல் ஒன்றும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலை நீட்டிப் படுத்துவிடுவார். செத்தவீடு, கலியாணவீடு, சொந்தக்காரர் வீடு எல்லாவற்றுக்கும் நான் தனியத்தான் போகவேண்டும்.

"எல்லாரையும் நாளாந்தம் காணுறன்தானே, பிறகென்ன போறது?" என்று ஒரு நியாயம் வேறு. கேட்கக் கேட்க எனக்கு விசர் வரும்.

இப்படியிருக்க, எங்கள் மகள் ஆரணிக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் ஆட்களிடம் கலியாண அழைப்பிதழை, அந்தக் காட்டை, தபாலில் அனுப்பினால் அது அழைப்பில்லை, அவமரியாதை. புருசனும் பெண்சாதியுமாய்ப் போய், வீட்டுக்குள் இருந்து, தேத்தண்ணி குடித்து, "நீங்கள் வந்து நடத்தித் தரவேணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதிலும் முதல் வீடு இவருடைய அக்கா செல்வநாயகியின் வீடு. தாய் செத்த பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர் என் மச்சாள்தான். புருசனும் இல்லை, பிள்ளைகள் கனடாவில், தனிய இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டுபேருமாய்ப் போவதென்று பேசி வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி, "அக்காவுக்குக் காட் குடுத்தாச்சு" என்றார்.

"எப்ப?"

"இண்டைக்குத்தான். அந்த ஒழுங்கைக்குத் தபால் இருந்தது. கையோடை குடுத்திட்டன்."

"உள்ளுக்குப் போய் இருந்து சொன்னனீங்களோ?"

"மணி அடிச்சன், அக்கா வந்தா. லைட் பில்லோடை சேர்த்து நீட்டினன். இன்னும் பத்துப் பதினைஞ்சு வீடு கிடந்ததப்பா."

"சைக்கிளாலை இறங்கினனீங்களோ?"

அவர் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ கடவுளே! பிள்ளையின்ரை கலியாணத்தை லைட் பில்லுக்கை வைச்சுக் குடுத்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?"

"பேய்க்கதை கதையாதையும். அக்கா ஒண்டும் நினைக்கமாட்டா."

அக்கா நினைத்தார். சந்தியில் இருக்கிற சிவப்புத் தபால்பெட்டியைத் திறந்து எடுப்பதும் இவர் வேலைதான். அடுத்த நாள் அதைத் திறந்தவர் முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். கையில் எங்கள் காட். உறையின் மேல் மச்சாளின் எழுத்து: "விலாசதாரர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்." முத்திரைகூட ஒட்டவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஆரணி அழத் தொடங்கினாள். "மாமி வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன்" என்றாள். இவர் சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை. அக்கா வராமல் இந்தக் கலியாணம் நடந்தால் இந்த மனுசன் மிச்சக் காலத்துக்கும் தலை நிமிரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரோ, "மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதட்டோ?" என்றார்.

"கடிதமோ? அதையும் நீங்கள்தானே கொண்டுபோய்க் குடுப்பியள்! எழும்புங்கோ, வேட்டியைக் கட்டுங்கோ!"

தட்டத்தில் வெற்றிலையும் வாழைப்பழமும் அந்தக் காட்டும் வைத்து, ஓட்டோ பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மச்சாள் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. இவர் பழக்கதோசத்தில் சாத்தியிருந்த கேற்றுக்கு வெளியே தெருவிலேயே நின்றார், நானும் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா!"

"தபாலோ? போட்டுட்டுப் போ" என்றார் மச்சாள்.

"மச்சாள், எங்களிலைதான் பிழை..."

"நீ கதையாதை பத்மா. வீட்டுக்கு வந்து போறவள் நீ. உவன் கதைக்கட்டும்."

ஊரெல்லாம் கதைக்கிற மனுசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சாளின் குரல் உடைந்தது. "நாள்தோறும் உன்ரை மணிச் சத்தம் கேட்டால் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பிலை வைச்சுட்டு ஓடி வருவன். வந்து பார்த்தால் நீ அடுத்த வீட்டு வளவடியிலை நிப்பாய். எனக்கு ஆரடா கடிதம் போடுகினம்? பில்லைப் பார்க்கவோ நான் ஓடி வாறனான்?"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாறன் அக்கா, உள்ளை வாறன்" என்று வாசல் இரும்புக் கேற்றைத் தள்ளினார். திறக்கவில்லை. இழுத்தார். கம்பிகளுக்கிடையே கையை விட்டுக் கொளுக்கியைத் தேடினார், மேலே தடவினார், கீழே தடவினார். வருசக்கணக்காய் அந்தக் கேற்றடியில் வந்து நின்ற மனுசனுக்கு அதை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நான் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

மச்சாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்தார்.

"தூக்கித் திறக்க வேணுமடா தம்பி" என்றார், அழுதுகொண்டு.